உருக்குலையாத மார்புக்கச்சை தைப்பது பற்றி

சென்ற ஞாயிற்றுக்கிழமை, அம்மா கழித்துப் போட்ட ஒரு மார்புக்கச்சையை என் தையல் மேசையில் வைத்து அளந்தேன். வாங்கி ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. கொளுக்கியைப் பூட்டி, இழுக்காமல் அளவுநாடாவை வைத்தபோது அதன் சுற்றுப்பட்டி 81 சென்ரிமீற்றர் இருந்தது. அதே பெட்டியில் வந்து இன்னும் உடுத்தப்படாமல் இருந்த அதன் சோடியையும் அளந்தேன், அது 74. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி நாடாவைப் பிடித்தேன்; அங்கும் 81. அதாவது, உடம்பை இறுகப் பிடித்துச் சுமையைத் தாங்க வேண்டிய பட்டி, உடம்பின் அளவுக்கே நீண்டு, எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றிக் கிடந்திருக்கிறது. சுமை முழுவதையும் இரண்டு தோள்பட்டிகளே சுமந்திருக்கின்றன. அம்மாவின் இரு தோள்களிலும் சுண்டுவிரலை வைத்தால் அமரக்கூடிய பள்ளங்கள் உண்டு. நான் சிறுமியாக இருந்தபோதே அவை இருந்தன. அது அவருடைய உடம்புவாகு என்றுதான் இத்தனை காலமும் இருவரும் நினைத்திருந்தோம்.

வன்னியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் தையல் வரிசையிலும், பின்னர் அதன் மாதிரி அறையிலுமாக ஆறு ஆண்டுகள் வேலை செய்தவள் நான். இப்போது கொக்குவிலில் வீட்டோடு சாறிச் சட்டைகளும் பள்ளிச் சீருடைகளும் தைக்கிறேன். கடந்த ஓராண்டாக, நன்றாகத் தாங்கக்கூடியதும் நாட்படத் தன் உருவத்தை இழக்காததுமான ஒரு மார்புக்கச்சையை வடிவமைக்க முயன்று வருகிறேன். இந்த முயற்சியில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. அளவெடுத்துச் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் இலாஸ்ரிக்கிடம் ஒப்படைத்துவிட்டோம். நீண்டு கொடுத்துப் பொருந்துகிற உடுப்பு, அப்படி நீண்டு நீண்டே கெட்டும் போகிறது.

மார்பகத்துக்குள் அதைத் தூக்கிப் பிடிக்கும் தசை எதுவும் இல்லை. நெஞ்சுத் தசை அதற்குப் பின்னால் இருக்கிறது. மார்பகத்தைத் தாங்குவது தோலும், உள்ளே ஊடாடிச் செல்லும் மெல்லிய இழைநார்களுமே. 1840இல் அவற்றை விவரித்து எழுதிய ஆங்கில அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயராலேயே அந்த நார்கள் இன்றும் அழைக்கப்படுகின்றன. ஆகவே, பாரமான மார்பகம் உள்ள ஒரு பெண்ணுக்கு வெளியிலிருந்து தாங்குதல் வேண்டுமென்றால், அந்தப் பாரத்தை இறக்கி வைக்க உறுதியான ஓர் இடம் வேண்டும்; அந்த இடம் விலா எலும்புக்கூடு. கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வருபவர் குடத்தை இடுப்பில் இருத்துகிறார். குடத்தின் கழுத்தை வளைத்த கை, அது சரியாமல் பார்த்துக்கொள்கிறது. மார்புக்கச்சையில் சுற்றுப்பட்டி அந்த இடுப்பு, தோள்பட்டி அந்தக் கை. இடுப்பு இல்லாமல் கையாலேயே குடத்தைச் சுமக்க வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் அம்மாவின் தோள்களில் பள்ளமாக இருக்கிறது. நீங்கள் உடுத்தியிருப்பது எப்படி என்று அறிய எளிய வழி, தோள்பட்டிகள் இரண்டையும் தோளிலிருந்து நழுவவிட்டு நிற்பது. கப் இரண்டும் உடனே சரிந்து இறங்கினால் உங்கள் பட்டி வேலை செய்யவில்லை.

இந்தக் கச்சை எப்படி அம்மாவிடம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவின் விலாச் சுற்றளவு 32 அங்குலம், மார்பின் நிறைந்த சுற்றளவு 36. வித்தியாசம் 4 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி என்ற வழக்கமான கணக்கில் அவருக்கு வேண்டியது 32டி. நகரத்துக் கடையொன்றில் அவருக்குக் கொடுக்கப்பட்டதோ 36பி. கொடுத்தவரைப் பொய்க்காரர் என்று சொல்ல மாட்டேன். 32டி, 34சி, 36பி ஆகிய மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஒன்றுதான். ஆகவே மார்பகம் கப்புக்குள் அடங்கியது, பார்வைக்கும் சரியாக இருந்தது. ஆனால் பட்டி 4 அங்குலம் கூடிய விலாவுக்கு வெட்டப்பட்டது. கடையில் டி அளவு இருக்கவில்லை. அளவெடுப்பதற்கு ஒரு பெண் இருக்கவில்லை. உடுத்திப் பார்க்க ஒரு மறைவிடம் இருக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞர் நின்றார். அறுபது வயது அம்மா, பொருளின் பெயரைச் சொல்லக் கூசி, "உள்ளுக்குப் போடுறது" என்று மெதுவாகக் கேட்டார். அவர் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்தார். "இழுபடும் அம்மா, எல்லாருக்கும் சரிவரும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்தப் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. செருப்பைக்கூட நாங்கள் போட்டு நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம்.

1978இல் கட்டுநாயக்கவில் ஏற்றுமதி வலயம் திறக்கப்பட்ட நாளிலிருந்து ஆடை தைத்து உலகுக்கு அனுப்புகிற நாடு இது. இந்தத் தீவின் பெண்களின் கைகள் தைத்த மார்புக்கச்சைகள் உலகின் பெரிய கடைகளில் அளவு அளவாகத் தொங்குகின்றன. நானும் அவற்றைத் தைத்தவள்தான். பட்டியின் நீளத்தில் சில மில்லிமீற்றர் பிசகினால் துண்டு திருப்பி அனுப்பப்படும் மேசையில் இருந்திருக்கிறேன். அந்த நுணுக்கம் எங்கள் சொந்த உடம்புகளுக்குக் கிடைக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அம்மம்மாவின் றங்குப்பெட்டியில் ஒரு பழைய கச்சை இருக்கிறது. வெள்ளைப் பொப்ளின் துணி, முன்பக்கம் கொளுக்கி, கப்பின் மேல் நுனியிலிருந்து தொடங்கி வெளிநோக்கி வட்டம் வட்டமாகப் போட்ட நெருக்கமான தையல். இலாஸ்ரிக் ஒரு நூல்கூட இல்லை. அதை மேசையில் வைத்தால் இன்றைக்கும் கூம்பாக எழுந்து நிற்கிறது. நெய்த பருத்தித் துணி பாவின் (நெடுக்கு நூலின்) வழியிலும் ஊடையின் (குறுக்கு நூலின்) வழியிலும் அதிகம் நீளாது, கோணலாக இழுத்தால் மட்டுமே நீளும். அந்த வட்டத் தையல்கள் கோணல் நீட்சியையும் கட்டிப்போட்டுவிட்டன. அதைத் தைத்தவருக்குத் துணியின் குணம் தெரிந்திருந்தது. ஆனால் சாப்பிட்ட பிறகு அம்மம்மா கீழ்க் கொளுக்கியைக் கழற்றிவிடுவாராம். மூச்சை இழுத்துவிடும்போது விலா விரிந்து சுருங்குகிறது. அதோடு சேர்ந்து அசைய அந்தக் கச்சையில் எதுவும் இல்லை. 1958இல் அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்து, பின்னர் லைக்ரா என்ற பெயரில் பரவிய ஸ்பான்டெக்ஸ் இழை அந்தக் குறையைத் தீர்த்தது. தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீண்டு திரும்பக்கூடிய இழை அது. பிழை, அதை எல்லா இடத்திலும் போடத் தொடங்கியதுதான்.

என் வடிவமைப்பில் முன்பக்கம் முழுவதும் அம்மம்மாவின் கச்சை, பின்பக்கம் மட்டும் லைக்ரா. இரண்டு கப்புக்கும் நடுவிலுள்ள துண்டுக்கும், கப்பின் அடியில் தொட்டில் போல வரும் துண்டுக்கும் உள்ளே நீளாத நைலோன் துணியை வைத்துத் தைக்கிறேன். நடுத்துண்டு நெஞ்செலும்போடு படிந்து அமர வேண்டும். அது விலகி நின்றால் கப் சிறிது என்று பொருள். கப்பை மூன்று துண்டாக வெட்டி, பக்கவாட்டில் தோள்பட்டியின் அடியிலிருந்து, கப்பின் அடிவளைவில் உறைக்குள் வைக்கும் கம்பிவரை இறங்கும் நான்காவது துண்டு ஒன்றை உள்ளே சேர்க்கிறேன். அது மார்பகத்தை அக்குளுக்குப் போகவிடாமல் முன்னுக்குத் தள்ளுவதோடு, இழுவையையும் துணியின் நீளாத வழியில் கீழே கொண்டு செல்கிறது. கடைகளில் அழகாகத் தெரிகிற வார்ப்புக் கப்புகளை நான் விரும்புவதில்லை. பொலியூரத்தேன் நுரைத் தாளைச் சூடான அச்சில் அழுத்தி எடுப்பவை அவை. முறுக்கிப் பிழிந்து ஒருமுறை மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பு போவதில்லை, நாளடைவில் நுரை மஞ்சளாகிப் பொடிந்தும் விடுகிறது. தையல் போட்ட கப் அந்த அளவுக்கு வழுவழுப்பாக இல்லாவிட்டாலும், தையலே அதன் எலும்பு.

பின்பக்கத்துக்குப் 'பவர்நெட்' என்ற வலைப்பின்னல் துணி. இதில்தான் முதல் மாதிரியில் பெரிய பிழை விட்டேன். அந்தத் துணி ஒரு பக்கமாக அதிகமும் மற்றப் பக்கமாகக் குறைவாகவும் நீளும். அதிகம் நீளும் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். துணி வீணாகக்கூடாது என்று மாற்றி வெட்டியதால் பட்டி இறுகிக் கிடந்தது, விளிம்போ மேலும் கீழும் இழுபட்டுச் சுருண்டது. இப்போது சரியாக வெட்டி, அம்மாவின் 81 சென்ரிமீற்றருக்கு இழுக்காத நிலையில் 68 சென்ரிமீற்றர் வரும்படி பட்டியை அமைக்கிறேன். விளிம்பு இலாஸ்ரிக்கை மூன்று குத்துக் கோணல் தையலில் பொலியெஸ்ரர் நூலால் பூட்ட வேண்டும். நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் நீளாது, அறுந்துவிடும். வீடுகளில் இருக்கும் பழைய கால்மிதி இயந்திரங்கள் பல நேர்த்தையல் மட்டுமே போடுபவை என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேறு இயந்திரம் வாங்க வேண்டியதாயிற்று. கொளுக்கிக்கு மூன்று வரிசை கண்கள் வைக்கிறேன். புதிதில் கடைசி, அதாவது மிகத் தளர்ந்த வரிசையில் சரியாக இருக்க வேண்டும். பட்டி மெல்ல மெல்ல நீளும்போது உள்வரிசைகளுக்குப் போகலாம். முதல் நாளிலேயே இறுகிய வரிசையில் பூட்டி வாங்கினால் பிறகு போவதற்கு இடமில்லை.

கம்பி வைத்த பிரா புற்றுநோய் தரும் என்ற பேச்சு இங்கே பரவலாக உண்டு. 2014இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து ஃபிரெட் ஹட்சின்சன் ஆய்வு மையத்தினர், மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்த ஆய்வில் அப்படியான தொடர்பு எதையும் காணவில்லை. பொருந்தாத கம்பி குத்தும், புண்ணாக்கும். அது அளவின் பிழை. அதேபோல, பிரா உடுத்தினால் மார்பகம் தளராது என்றும் நான் யாருக்கும் வாக்களிக்கவில்லை. நான் தைப்பது நோவில்லாமல் ஒரு நாளைக் கழிப்பதற்காக.

இனி எங்கள் தண்ணீருக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறி வருவது, வன்மையானது. சவர்க்காரம் அதில் நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் திரிந்து வலைத்துணியின் கண்களில் அடைகிறது. வெள்ளையாக்கவென்று குளோரின் கலந்த நீரில் ஊறவைப்பது அதைவிடக் கேடு; ஸ்பான்டெக்ஸை மஞ்சளாக்கி முறியச் செய்யும். துவைகல்லில் அடிப்பதையும், கயிறு போல் முறுக்கிப் பிழிவதையும் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது காயப்போடும் விதம். ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று, முற்றத்துக் கொடியில் சாறிக்கு அடியிலோ துவாய்க்கு அடியிலோ ஒளித்துப் போடுகிறோம். அல்லது குளியலறையின் ஈரத்துக்குள் தொங்கவிடுகிறோம். முழுதாகக் காயாத துணியை மறுநாள் உடுத்தி, வியர்வையில் தடிப்பும் கடியும் வந்து அவதிப்படுகிறோம். காற்றோட்டமான நிழலில், தோள்பட்டியில் தொங்கவிடாமல் நடுத்துண்டைக் கொடியில் மடித்துப் போட்டு, எல்லோருடைய உடுப்பையும் போல் வெளிப்படையாகக் காயவைக்க வேண்டிய பொருள் இது. ஒன்றையே நாள்தோறும் உடுத்தாமல் மூன்றை மாற்றி மாற்றி உடுத்தினால், நீண்ட இழை திரும்பிச் சுருங்குவதற்கு நேரம் கிடைக்கும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். எங்கள் பெண்பிள்ளைகள் துவிச்சக்கரவண்டியில் முன்னே குனிந்து குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் போய்வருகிறவர்கள். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் ஓடுகிறவர்கள். ஓடும்போது மார்பகம் மேலும் கீழுமாக மட்டும் அசைவதில்லை, எட்டு என்ற எண்ணின் வடிவில் எல்லாப் பக்கமும் அசைகிறது என்பதை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தினர் அளந்து காட்டியிருக்கிறார்கள். 1977இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் லீசா லிண்டால், பொலி ஸ்மித், ஹின்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்களின் உள்ளுடுப்பு இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் ஓட்டக் கச்சையை உருவாக்கினார்கள். அதற்கும் காரணம் ஓடும்போது பட்ட நோவுதான். சீருடைக்குள் இரண்டு பெனியனைப் போட்டுக்கொண்டு ஓட்டத்திலிருந்து விலகி நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அளவெடுத்துக் கொடுப்பதைத் தாய்மார் தள்ளிப்போடக் கூடாது.

அம்மாவுக்காகத் தைத்த ஏழாவது மாதிரியை அவர் மூன்று மாதமாக மாற்று முறையில் உடுத்தி வருகிறார். கிணற்றுநீரில் ஏறத்தாழ 40 தடவை துவைத்தாகிவிட்டது. பட்டி 68இலிருந்து 70க்கு வந்திருக்கிறது. இரண்டாவது வரிசைக் கண்ணில் பூட்டுகிறார். தோள்பட்டிக்கு அடியில் விரல் தாராளமாகப் போகிறது. ஆனால் இடது அக்குள் பக்கத்தில் கம்பியின் நுனி உறையைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. உறையின் முனையில் கம்பி அசைவதற்கு நான் இடம் வைக்காததே காரணம். எட்டாவதில் இரு முனையிலும் 6 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, முனைகளை நெருக்கமான கட்டுத்தையலால் அடைக்கிறேன். அதன் துண்டுகள் வெட்டப்பட்டு இப்போது மேசையில் இருக்கின்றன. டி அளவுக்கு மேல் தேவைப்பட்டு, கடைகளில் கிடைக்காமல் அலையும் பெண்கள் இரண்டு மூன்று பேரின் அளவு எனக்கு அடுத்த மாதிரிகளுக்கு வேண்டும். கொக்குவிலைச் சுற்றியிருப்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். நாடாவோடு நானே வீட்டுக்கு வருகிறேன்.