காப்புக்காட்டின் காற்று எப்போதும் தூயதா?

"வாகனமும் ஆலையும் இல்லாததால் பாதுகாக்கப்பட்ட காடுகளின் காற்றைக் காலநிலை மாற்றம் கெடுக்காது" என்று பரவும் செய்தி தவறானது. காற்றுக்கு வேலி கிடையாது: நகரங்களின் வாகன, ஆலைப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள், வெப்பம் ஏற ஏற மரங்களே கூடுதலாக வெளியிடும் ஐசோபிரீன் போன்ற ஆவிகளுடன் வெயிலில் வினைபுரிவதால், மூச்சுக்கும் இலைகளுக்கும் கேடான மாசு வாயுவான தரைமட்ட ஓசோன் உருவாகிறது. (மரங்களைக் குற்றம் சொல்வதற்கில்லை, நைட்ரஜன் ஆக்சைடு இல்லையேல் இது பெரிதாக நடவாது.) 1990 முதல் 2014 வரையிலான அளவீடுகளில், அமெரிக்காவின் 33 பெரிய தேசியப் பூங்காக்களின் சராசரி ஓசோன், அந்நாட்டின் 20 பெருநகரங்களின் அளவை ஏறத்தாழ ஒத்திருந்தது. கலிபோர்னியாவின் செக்கோயா பூங்காவில் பைன் ஊசியிலைகளில் காணப்படும் மஞ்சள் திட்டுகள், இலைத்துளை வழியே புகுந்த ஓசோன் விட்ட தழும்புகள். வறட்சி நீளும்போது மூளும் காட்டுத்தீயின் புகையோ, 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குக் கொண்டுசெல்கிறது.