ஒரு டிக்கை எடுக்காததில் போன தீபாவளி

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

எங்கள் மதினி மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறார். துணியில் கையால் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுக்கும் சேலை. ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். ஆறு வருடமாக அவருக்கு ஒரு வலைத்தளம் இருந்தது. பார்க்கச் சுமார்தான். ஆனால் சுங்குடிச் சேலை என்று கூகுளில் தேடினால் முதல் பக்கத்தில் வந்துவிடும். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று கடைப்பக்கமே வராதவர்கள் அதைப் பார்த்துத்தான் வாட்ஸ்அப்பில் விலை கேட்பார்கள். வருடத்து வியாபாரத்தில் பாதி, தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் நடப்பது.

ஆடி பிறந்ததும் ஒரு நிறுவனம் வந்தது. தளத்தைப் புதிதாக்கித் தருகிறோம், போனில் பளிச்சென்று இருக்கும் என்றார்கள். 65,000 ரூபாய் கொடுத்தார். ஆவணியில் புதுத் தளம் வந்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பத்து நாளில் விசாரிப்புகள் குறைந்தன. புரட்டாசி பிறப்பதற்குள் சுத்தமாக நின்றுவிட்டன.

மதினி அவர்களிடம் கேட்டிருக்கிறார். வந்த பதில்: "கூகுள் அப்டேட் மேடம். எல்லாருக்குமே விழுந்திருக்கு. மூணு மாசம் பொறுங்க." அதோடு விட்டார்களா? மாதம் 15,000 ரூபாய்க்கு, தேடலில் மேலே கொண்டுவருகிறோம் என்று ஒரு எஸ்.இ.ஓ. பேக்கேஜைத் தலையில் கட்டினார்கள். முதலிடத்துக்கு கேரண்டியாம். முதலிடத்தை யாராலும் உறுதி சொல்ல முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பேக்கேஜில் என்ன செய்தார்கள் என்று பிறகு பார்த்தேன். எங்கிருந்தோ காசு கொடுத்து பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு இணைப்பு, வாங்கியிருக்கிறார்கள். தரவரிசைக்காக லிங்க் வாங்குவது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கே விரோதம். நோயாளியிடம் பணம் வாங்கிக்கொண்டு விஷத்தை ஊற்றுகிற வேலை இது.

"தம்பி, சைட்டுல என்னமோ கோளாறு, போனே வர மாட்டேங்குது" என்று மதினி என்னிடம் சொன்னபோது தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அன்று இரவு தளத்தைத் திறந்து, பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலை, அதாவது மூலநிரலைப் பார்த்தேன். கணினியில் கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினால் போதும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் நோஇண்டெக்ஸ் (பட்டியலில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிச்சொல்) என்று தேடினேன். மேலேயே இருந்தது. முகப்பில் இருந்தது, சேலைப் பக்கங்களில் இருந்தது, ஒரு பக்கம் விடாமல் இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிட வேலையை ஒன்றரை மாதமாக ஒருவர்கூடச் செய்யவில்லை!

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தளம் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளுக்குள் ரீடிங் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் ஒரு கட்டம். டிக் போட்டால், 'தேடுபொறிகளே, இந்தத் தளத்தை உங்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள்' என்று அர்த்தம், அந்த நோஇண்டெக்ஸ் இங்கிருந்துதான் வருகிறது. தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது டிக் போட்டு வைப்பது சரிதான். அரைகுறையாக இருப்பதை ஊர் பார்க்க வேண்டாம். திறக்கிற அன்று அதை எடுத்துவிட வேண்டும். இவர்கள் சோதனைத் தளத்தை அப்படியே தூக்கி உண்மையான தளத்தில் வைத்தார்கள், டிக்கும் கூடவே வந்துவிட்டது. தேடுபொறிகளுக்குத் தடை இருக்கிறது என்று தளத்தை நிர்வகிக்கிற வேர்ட்பிரஸ் டாஷ்போர்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் காட்டும். தினமும் உள்ளே போய்வந்தவர்கள் கண்ணில் அது படவே இல்லையா?

மறுநாள் காலையில் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். போனை எடுத்த பையன் சொன்னதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. "ரோபோட்ஸ் ஃபைல் செக் பண்ணிட்டோம் சார். எல்லாம் ஓப்பனாத்தான் இருக்கு."

ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி வேறு, நோஇண்டெக்ஸ் வேறு! இந்த ஒரு வித்தியாசம் தெரியாதவர் எஸ்.இ.ஓ. என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ரோபோட்ஸ் கோப்பு 1994-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 'இந்தப் பக்கம் வராதே' என்று பக்கங்களைப் படிக்க வரும் தேடுபொறியின் க்ராலரை வாசலிலேயே நிறுத்துவது அதன் வேலை. நோஇண்டெக்ஸ், 'உள்ளே வந்து பார், ஆனால் பட்டியலில் எழுதாதே' என்று சொல்வது. வேர்ட்பிரஸில் அந்த டிக் முன்பெல்லாம் ரோபோட்ஸ் கோப்பிலும் தடை போட்டுக்கொண்டிருந்தது. 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து அந்தக் கோப்பைத் தொடாமல், ஒவ்வொரு பக்கத்திலும் நோஇண்டெக்ஸ் குறிச்சொல்லை மட்டும் போடுகிறது. அதனால் ரோபோட்ஸ் கோப்பு சுத்தமாகத்தான் தெரியும். அதை மட்டும் பார்த்துவிட்டு "ஓப்பனா இருக்கு" என்றால், நீங்கள் 2019-க்கு முந்தைய பழைய பாடத்தை வைத்துக்கொண்டு இன்றைக்குக் காசு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொன்னார். "வேணும்னா ரோபோட்ஸ்ல பிளாக் பண்ணிட்டு திரும்ப எடுத்துப் பார்க்கலாம் சார்." வேண்டவே வேண்டாம் என்று கத்தினேன். ரோபோட்ஸில் அடைத்துவிட்டால் க்ராலர் உள்ளே வராது. உள்ளே வந்தால்தானே நோஇண்டெக்ஸ் போய்விட்டது என்று அதற்குத் தெரியும்? எதையாவது மாற்றிப் பார்ப்போம் என்று இறங்குகிற இந்த மனநிலைதான் எனக்குப் பொறுக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு கை வையுங்கள்.

சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள், காரணம் எழுத்தில் இருக்கும் என்றேன். அங்கேதான் அடுத்த அநியாயம் வெளியே வந்தது. சர்ச் கன்சோல் கூகுள் இலவசமாகத் தருவது. எந்தப் பக்கம் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்பதும், எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்ற பதினாறு மாதக் கணக்கும் அதில் கிடைக்கும். மதினியின் தளத்துக்கான கணக்கை அந்த நிறுவனம் தன் மின்னஞ்சலில் வைத்திருந்தது. மதினிக்கு அனுமதியே கிடையாது. தன் கடையின் கணக்குப் புத்தகத்தை அடுத்தவன் பூட்டி வைத்துக்கொண்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவனும் பார்க்காமல் இருந்திருக்கிறான்! நான்கு நாள் கேட்டு, ஐந்தாம் நாள் கொடுத்தார்கள். நோஇண்டெக்ஸால் விலக்கப்பட்டவை 312 பக்கங்கள் என்று கூகுள் பச்சையாக எழுதி வைத்திருந்தது. கிளிக் வரைபடம் ஆவணி நடுவிலிருந்து செங்குத்தாக இறங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது.

இடையில் தளத்தைச் சோதித்ததாக அவர்கள் கொடுத்த ஆடிட் அறிக்கையும் கைக்கு வந்தது. 74 பக்கம். ஏதோ ஒரு கருவியில் தளத்தின் முகவரியைக் கொடுத்து, வந்ததை அப்படியே பிடிஎஃப் ஆக்கித் தங்கள் லோகோவை ஒட்டியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'மெட்டா கீவேர்ட்ஸ் இல்லை'. பக்கத்தின் முக்கியச் சொற்களை எழுதி வைக்கும் அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அது இல்லாதது ஒரு குறையா? படங்களுக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி) இல்லை என்று பன்னிரண்டு பக்கம். அது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் 61-ஆம் பக்கத்தில், 'கவனிக்க' என்ற தலைப்பின் கீழ், சாம்பல் நிறப் பொடி எழுத்தில், 'நோஇண்டெக்ஸ் உள்ள பக்கங்கள்: 312'. கருவி சொல்லியிருக்கிறது! படிக்கத்தான் ஆள் இல்லை. எந்தப் பக்கங்களை மறைக்க வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? கடையின் எல்லாப் பக்கங்களும் மறைந்து கிடப்பது கோளாறு என்று மனிதன்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தானே சம்பளம்?

டிக்கை எடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை. பழைய முகவரிகளை எல்லாம் மாற்றியிருந்தார்கள். ஆறு வருடமாக எத்தனையோ பேர் தங்கள் பக்கங்களில் இணைப்புக் கொடுத்திருந்த முகவரிகள். வீடு மாறினால் பழைய வாசலில் புது விலாசத்தை எழுதி ஒட்டுவது போல, பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய முகவரிக்கு 301 (நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்ற குறி) போட்டுத் திருப்பியிருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருடமாவது அதை வைத்திருங்கள் என்பது கூகுள் சொல்வது. இவர்கள் பிளகின் என்கிற ஒரு துணை மென்பொருளைப் போட்டு, இல்லாத முகவரி எதுவாக இருந்தாலும் முகப்புக்குப் போ என்று வைத்துவிட்டார்கள். பச்சைச் சுங்குடியைத் தேடி வந்தவரை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? கூகுளும் அதை சாஃப்ட் 404 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது பக்கமே இல்லாத கணக்கு. ஆறு வருடம் சேர்த்த மதிப்பு அத்தனையும் அங்கே ஒழுகிக்கொண்டிருந்தது.

அண்ணன் மகளும் நானும் இரண்டு இரவு உட்கார்ந்து பழைய முகவரிக்குப் புதிய முகவரி என்று ஒவ்வொன்றாக எழுதினோம். தமிழ் முகவரிகள் உயிரை எடுத்துவிட்டன. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் உள்ளே சதவீதக் குறியும் எண்களுமாக ஒன்பது எழுத்தாகிவிடும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. 'சுங்குடி' என்ற ஒரு சொல்லே 72 எழுத்தைத் தின்றுவிடும். 'மதுரை சுங்குடி சேலை பராமரிப்பது எப்படி' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'பராம' என்பதோடு அறுந்து நிற்கும். அதே தொடக்கத்தில் இன்னொரு கட்டுரை எழுதினால் வால் வெட்டுப்பட்டு, கடைசியில் ஒரு 2 ஒட்டிக்கொள்ளும். இதனால் மட்டும் தரவரிசை விழாது. ஆனால் எந்த அறுந்த முகவரி எந்தக் கட்டுரையுடையது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. தமிழில் தளம் நடத்துகிறவர்களே, முகவரிப் பெயரை நீங்களே சுருக்கி எழுதுங்கள், தானாக வருவதை விட்டுவிடாதீர்கள்.

படங்களைப் பற்றிச் சொன்னால் இன்னும் கோபம் வரும். கேமராவிலிருந்து வந்த 6 எம்பி படத்தை அப்படியே முகப்பில் ஏற்றியிருந்தார்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். இங்கே என் போனில் பதினொரு நொடி எடுத்தது. மேலே முதலில் தெரிய வேண்டிய படத்துக்கே லேஸி லோடிங் வேறு. கீழே இருக்கிற படங்களைத் தாமதமாக ஏற்றத்தான் அந்த வசதி. யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டார்கள். சேலையின் பெயர், விலை எல்லாம் படத்துக்குள் எழுதியிருந்தது. அதைப் பக்கத்தில் எழுத்தாகத் தராமல் கூகுள் எதைப் படிக்கும்?

டிக்கை எடுத்தோம். 301 போட்டோம். தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பைக் கூகுளுக்குக் கொடுத்தோம். படங்களைச் சுருக்கினோம். முக்கியமான பத்துப் பக்கங்களுக்குச் சர்ச் கன்சோலில் விண்ணப்பம் வைத்தோம். முகப்பு நான்கு நாளில் திரும்பி வந்தது. வந்த சேலைப் பக்கங்களுக்கும் ஐந்து வாரம் ஆனது. பாதிப் பக்கங்கள் 'பார்த்தோம், இப்போதைக்குச் சேர்க்கவில்லை' என்ற வரிசையில் இன்னும் நிற்கின்றன. நோஇண்டெக்ஸ் நீண்ட நாள் இருந்த பக்கத்துக்கு க்ராலர் வருவதே குறைந்துவிடும், அவசரம் என்று நாம் சொன்னால் கேட்காது. தீபாவளி போய்விட்டது.

நீங்கள் யாருக்காவது காசு கொடுத்துத் தளத்தை மாற்றினால், புதுத் தளம் திறந்த அன்றே நீங்களே பாருங்கள். மூலநிரலில் நோஇண்டெக்ஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே இல்லையென்றாலும் சர்வர் பக்கத்தோடு அனுப்பும் ஹெடர் என்கிற தகவலில் ஒளிந்திருக்கலாம், அது மூலநிரலில் தெரியாது. அதனால் சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனை செய்யுங்கள், இரண்டும் தெரிந்துவிடும். பழைய முகவரி பத்தை எடுத்துத் திறந்து, எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். டொமைனும் (தளத்தின் பெயர்) சர்ச் கன்சோலும் உங்கள் பெயரில் இருக்கட்டும். எனக்குத் தெரியாது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மதினி நம்பினார். அவர் மீது தப்பில்லை. சேலை விற்கிறவருக்கு இது ஏன் தெரிந்திருக்க வேண்டும்? தெரியும் என்று சொல்லிக் காசு வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முடிச்சுப் போடும் பெண்களுக்கு முன்பணம் கொடுத்து எடுத்து வைத்த சேலைகள் மாடி அறையில் அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன. நேற்று அந்த நிறுவனத்திடமிருந்து அடுத்த மூன்று மாதப் பேக்கேஜுக்கு 45,000 ரூபாய் பில் வந்திருக்கிறது. மதினி அதை எனக்கு அனுப்பி, "என்ன பதில் போடட்டும் தம்பி?" என்று கேட்டார். நானே எழுதிவிட்டேன். பில்லுக்குப் பணம் கிடையாது. வாங்கிய லிங்குகளின் முழுப் பட்டியல் வேண்டும். டொமைன் இன்னும் உங்கள் கணக்கில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் மதினி பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.