அஞ்சலாபீஸ் வாசலில் ஒரு சங்கு

எங்கள் ஊர் செங்கோட்டைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. கடைத்தெரு முடியும் இடத்தில், இரண்டு அறைகளும் ஒரு திண்ணையும் கொண்ட பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. எண்பது வயதைக் கடந்தவர்கள் அதை இன்றும் 'அஞ்சலாபீஸ்' என்பார்கள். இப்போது வாடகைக் கட்டடத்தில் நடக்கும் அலுவலகத்தைத் 'தபாலாபீஸ்' என்பார்கள். இரண்டும் ஒன்றுதானே, அஞ்சல் என்பது தபாலுக்கு நல்ல தமிழ்தானே என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பகுதியில் அவை இரண்டு வெவ்வேறு அரசாங்கங்களின் பெயர்கள். அந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதாகப் பேச்சு எழுந்திருப்பதால், இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

செங்கோட்டைத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. சமஸ்தானம் தனக்கென்று நடத்திய தபால் துறையின் பெயர்தான் அஞ்சல். அதற்குத் தனித் தபால்தலை, தனி அட்டை, தனிப் பெட்டி, மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரர்கள் எல்லாம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியத் தபால் துறையும் அதே சமஸ்தானத்துக்குள் தன் அலுவலகங்களை நடத்தி வந்தது. ஆகவே செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து திருவனந்தபுரம் வரைக்கும் செல்லும் கடிதத்துக்குச் சமஸ்தானத்தின் சின்னமான சங்கு பொறித்த தலை போதும்; பத்துக் கிலோமீட்டர்கூட இல்லாத தென்காசிக்கு எழுத வேண்டுமென்றால் பிரிட்டிஷ் தலை ஒட்ட வேண்டும். மலைக்கு அப்பால் இருந்தது உள்ளூர், வயலுக்கு அப்பால் இருந்தது வெளியூர். எல்லைக்கோடு என்பது மனிதர்களின் அன்றாடத்தில் எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

என் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஓர் அஞ்சல் அட்டை இருந்தது. பழுப்பேறிய அட்டையின் மூலையில் சிறிய சங்கு. அதன் மேல் கறுப்பு முத்திரை பாதி விழுந்து, எண்கள் மசியில் கரைந்து போயிருந்தன. புனலூரில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் எழுதியது. மழை பிடித்துவிட்டது என்றும், ரயிலில் ஏற்றிவிட்டால் போதும், தானே வந்து ஸ்டேஷனில் கூட்டிக்கொள்வதாகவும் நான்கே வரிகள். 1904-இல் மலையைக் குடைந்து போட்ட அந்த ரயில் பாதையும் இந்த நான்கு வரிகளும் சேர்ந்துதான் எங்கள் குடும்பத்தை இரண்டு பக்கமும் கட்டி வைத்திருந்தன.

1888-இல் வெளியான திருவிதாங்கூரின் முதல் தலைகள் 1, 2, 4 சக்கரம் மதிப்புடையவை. பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்ற கணக்கை ஆச்சி கடைசிவரை மறக்கவில்லை. 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை நினைவுகூர்ந்து 1937-இல் தனித் தலைகள் வந்தன. 1939-இல் வந்த தலைகளில் கன்னியாகுமரியும் பேச்சிப்பாறை அணையும் இடம்பெற்றன. இவை இரண்டும் இன்று தமிழ்நாட்டில் இருக்கின்றன என்பதை நான் பெருமையோடு சொல்வேன். 1951-இல் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு இணைக்கப்பட்டதும் இந்தக் கதை முடிந்தது. எங்கள் ஊர்க் கட்டடம் அதன்பின் சில காலம் உரக் கிட்டங்கியாக இருந்தது.

அதன் வாசல்நிலைக்கு மேல் சுண்ணாம்பில் செய்த சங்கு ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் செப்பனிட வந்தவர்கள் அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டார்கள். வலது ஓரத்தில் மட்டும் சங்கின் வாய் விரலளவு வெளியே தெரிகிறது. அந்தத் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதைக் காட்டி, "தம்பி, சுரண்டினா வந்துரும், உள்ள அப்படியேதான் இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ராஜா காலத்துச் சின்னத்தை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் போராடியவர்களில் சிலர் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்தத் தியாகத்தை மதிப்பவன் என்பதால்தான் இந்தச் சங்கு இருக்க வேண்டும் என்கிறேன். நாம் எதிலிருந்து பிரிந்து வந்தோம் என்பதைக் காட்டும் சுவர் போய்விட்டால், நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் போராட்டம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக மட்டுமே மிஞ்சும். கேரளத்தில் பழைய அஞ்சல் பெட்டிகளை இன்னும் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு.

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. சிமென்ட்டைப் பதமாக நீக்கி, ஓடு மாற்றி, இது எந்த அரசின் அஞ்சல் நிலையமாக இருந்தது என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வைத்தால், ஒரு வாசகசாலை நடத்தும் அளவுக்கு உள்ளே இடம் இருக்கிறது. இதைக் கேட்டு எழுதிய மனு கடைத்தெரு அரிசிக் கடையில் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து, எங்கள் ஊர் முத்திரை விழுந்த அட்டையோ உறையோ இருந்தால், இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். மனுவோடு இணைத்துக் கொடுக்கிறோம்.