பலகையில் தெரிந்த வரி, வங்கியில் தெரியாத வரவு

2025 ஏப்ரல் 1ஆம் திகதி, எரிபொருள் புகையைக் குறைக்கக் கனடிய மத்திய அரசு விதித்து, லீற்றருக்கு 17.6 சதமாக இருந்த காபன் வரி ஒன்ராறியோ மாகாணத்தின் பெற்றோல் நிலையங்களில் ஒரே இரவில் இல்லாமல் போனது. விலைப் பலகையைப் படமெடுத்து நம்மவர்கள் பலர் சந்தோஷமாகப் பதிவு போட்டார்கள். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2024-25இல் ஒன்ராறியோவில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மீளளிப்பாக, அதாவது வசூலித்த வரியிலிருந்து அரசு வீடுகளுக்குத் திருப்பிக் கொடுத்த பணமாக, வந்தது 1,120 டொலர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 280. வாரம் 40 லீற்றர் பெற்றோல் அடிக்கும் வீடு வருடத்துக்குக் கட்டிய காபன் வரி ஏறத்தாழ 366 டொலர். வீட்டைச் சூடேற்ற 2,400 கன மீற்றர் எரிவாயு எரிந்தால், கன மீற்றருக்கு 15.25 சதப்படி இன்னொரு 366. அதன்மேல் ஏறிய 13 வீத விற்பனை வரியையும் சேர்த்தால் சுமார் 827 டொலர். மளிகைச் சாமான் விலைக்குள் ஒளிந்து வந்த பங்கும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. அப்படியும் மிச்சம் நம் பக்கம்தான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து, பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் குடும்பத்துக்கோ அந்த 1,120இல் பெரும்பகுதி வரவு. பெரிய வீடும் மூன்று வாகனங்களும் வைத்திருப்பவர் அதிகம் கட்டினார்; திரும்பி வந்தது மட்டும் இருவருக்கும் ஒரே தொகை. இதைவிட நியாயமான வரியை இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை.

வரியை ஒழிப்போம் என்று பொலியேவ் ஊர் ஊராக முழங்கினார். எதிர்க்கட்சித் தலைவர், அப்படித்தான் பேசுவார். என் மனத்தாங்கல் அந்த வரியைக் கொண்டுவந்த அன்றைய பிரதமர் ட்ரூடோவின் அரசின் மீதுதான். 2019இல் தொடங்கிய திட்டத்தின் மீளளிப்பு 2022 ஜூலை வரை வருமான வரிக் கணக்கோடு கலந்தே வந்தது. அதன்பின் வங்கிக்கு நேரே வந்தபோதும், மீளளிப்பின் பெயரில் காபன் என்ற சொல் ஏறியது 2024இல்தான். இதற்கிடையே 2023 ஒக்டோபரில் வீட்டுச் சூடேற்றும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று வருட விலக்கு! அத்திலாந்திக் மாகாணங்களின் வாக்குகளுக்காகத்தான் என்று ஊரே பேசியது. தாங்களே ஓட்டை போட்ட வரியை அவர்கள் எந்த முகத்தோடு காப்பாற்றுவது? ட்ரூடோவுக்குப் பின் மார்க் கார்னி பிரதமராகப் பதவியேற்ற அன்றே அதைப் பூச்சியமாக்கும் ஆணையில் கையெழுத்திட்டார்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டன் கிராமம் 2021 ஜூன் 29இல் 49.6 பாகை வெப்பத்தைத் தொட்டு, மறுநாளே எரிந்துபோனது. 2008இலேயே துணிந்து காபன் வரி போட்ட மாகாணம் அது. அங்கும் அதே ஏப்ரல் 1இல் நீக்கிவிட்டார்கள்.

பெரிய தொழிற்சாலைகளுக்கான காபன் விலையை அன்று தொடவில்லை. அதிலாவது கைவைக்க விடக்கூடாது. உங்கள் தொகுதி எம்பி கோயில் திருவிழாவுக்கு வந்து கைகூப்பும்போது நேராகவே கேளுங்கள்: எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த 1,120 டொலருக்கும், குறையவேண்டிய புகைக்கும் இப்போது என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?