கேம் திணறினால் உடனே ரேமைத் திட்டாதீர்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, எந்த ஊர் கடையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ரேம் பழசு தம்பி, டிடிஆர்5-க்கு மாறிடுங்க." டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள், 5 புதியது. மாறுவது ரேமோடு நிற்காது. டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 உட்காரவே உட்காராது, ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மதர்போர்டு போகும், பல நேரம் பிராசஸரும் சேர்ந்து போகும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிற நேரத்தில் இந்த யோசனை வேறு.

என் கட்சி இது: நம் பக்கத்து வீடுகளில் இருக்கிற கேமிங் பிசிக்களில் பெரும்பாலானவற்றை இழுத்துப் பிடிப்பது பழைய ரேம் இல்லை. ஒற்றை ரேம், அல்லது பயாஸில் (பிசி எழும்போது திறக்கிற அமைப்புத் திரை) வேகத்தைத் திறந்து விடாத ரேம்.

முதலில் கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள். கேம் ஓடும்போது அதன் பயன்பாடு 97, 98 சதவீதத்திலேயே நின்றால் ரேமைத் தொடாதீர்கள். மடை சின்னது என்றால் ஆற்றில் தண்ணீர் கூட வந்து வயலுக்கு என்ன லாபம்? ஜிடிஎக்ஸ் 1650 வைத்துக்கொண்டு 1080பியில் எல்லாவற்றையும் அல்ட்ராவில் ஓட்டுகிறவருக்கு 2666 வேக ரேமும் 3600 வேக ரேமும் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) நன்றாக ஏறினால் தடை கார்டில். அசையவில்லை என்றால் தடை பிராசஸர் பக்கம், ரேமும் அதில் சேர்த்தி.

அந்த இரண்டில் எது என்று பிரிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு, யாரும் செய்வதில்லை. புது ரேம் வாங்கிப் பார்ப்பதற்குப் பதில் இருக்கிற ரேமை வேண்டுமென்றே மெதுவாக்குங்கள். பயாஸில் 3200-ஐ 2133 ஆக இறக்கி, ஜிடிஏ 5 மாதிரி உள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கிற கேமை இரண்டு வேகத்திலும் ஓட்டுங்கள். சராசரியை மட்டும் பார்க்காமல் 1% லோவையும் (மிக மெதுவான ஒரு சதவீதப் படங்களின் எஃப்பிஎஸ்) பாருங்கள், ரேமின் வேலை அங்கேதான் முதலில் தெரியும். 2133-க்கும் 3200-க்கும் வித்தியாசமே இல்லை என்றால் 3600 வாங்கி எதுவும் கிடைக்கப் போவதில்லை.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கிற எண் மட்டும் வேகம் ஆகாது. சிஎல் எண்ணை (கேட்டதும் ரேம் பதில் தர எடுக்கிற சுற்றுகள்) 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் நானோ நொடியில் தாமதம் வரும். டிடிஆர்4 3200 சிஎல்16 என்றால் 10 நானோ நொடி. டிடிஆர்5 4800 சிஎல்40 என்றால் 16-க்கும் மேல். டிடிஆர்5 6000 சிஎல்30 மறுபடி 10-க்கே வந்து நிற்கிறது. அலைவரிசை, அதாவது நொடிக்குப் போகிற டேட்டா அளவு, கூடும், உண்மை. ஆனால் மலிவான டிடிஆர்5 வாங்குகிறவர் தாமதத்தில் பின்னால் போகிறார்.

இப்போது ஒற்றை ரேம் விஷயம். "பின்னால் இன்னொன்று போட்டுக்கலாம்" என்று 8 ஜிபி ஸ்டிக் ஒன்றைப் போட்டுக் கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்தப் "பின்னால்" வருவதே இல்லை. 3200 ரேம் ஒரு சேனலில் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை) நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் 51.2. அதாவது, ஒற்றையாக நிற்கிற 3200-ஐ விட ஜோடியாக ஓடுகிற பழைய 2400-க்கு அலைவரிசை அதிகம்: 38.4. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி போனால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, என்ன வேகம் என்று காட்டும். சிபியு-இசட் என்ற மென்பொருளில் 1600 என்று வந்தால் பதறாதீர்கள், அது பாதியைத்தான் காட்டும். உங்கள் ரேம் 3200-தான். நாலு ஸ்லாட் போர்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் சொருகினால் 16 ஜிபி என்று காட்டும், சேனல் மட்டும் சிங்கிளாகவே இருக்கும். வேறு வேறு வேகத்தில் இரண்டு போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். 8-உம் 4-உம் கலந்தால் இன்டெல் போர்டுகள் 4+4-ஐ ஜோடியாக ஓட்டி, மீதி 4-ஐத் தனியாக விடும். உத்தமம் இல்லை, ஒற்றைக்குத் தேவலாம்.

அளவும் தனிக் கதை. எஃப்பிஎஸ் நன்றாகவே இருந்து நடுவில் ஒரு நொடி, அரை நொடி உறைந்து போகிறது என்றால் அது பெரும்பாலும் வேகக் குறைவு இல்லை. 8 ஜிபி நிரம்பி விண்டோஸ் டிஸ்க்கை மெமரியாகப் பயன்படுத்துகிறது, டிஸ்க்கும் பழைய ஹார்டு டிஸ்க். இதற்கு 3600 ரேம் மருந்து இல்லை, இன்னொரு 8 ஜிபிதான் மருந்து.

அடுத்தது எக்ஸ்எம்பி, ரேமின் முழு வேகத்தைத் திறந்து விடுகிற பயாஸ் அமைப்பு. 3200 ரேம் வாங்கி 2133-லோ 2400-லோ ஓட்டுகிறவர்கள் ஏராளம். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருப்பதை இயக்கினால்தான் பெட்டியில் போட்ட வேகம் வரும். போட்ட பிறகு திரை வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம். சில முறை தானாக அணைந்து எரிந்து பழைய வேகத்துக்குத் திரும்பும், இல்லாவிட்டால் சிமாஸை (பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கிற நினைவகம்) ரீசெட் செய்து 2933-இல் முயலுங்கள். எச்410, பி460 போர்டில் ஐ5-10400 போட்டவர்களுக்கு 2666-தான் எல்லை. அதில் 3600 ரேம் வாங்கிச் சொருகுவது காசைக் கரியாக்குவது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. இடி மின்னல் என்றால் மெயினை அணைக்கிறோம், கரண்ட் போவதும் வாடிக்கை. போர்டில் இருக்கிற சிஆர்2032 பட்டன் செல் செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் பயாஸ் மறந்துவிடும், எக்ஸ்எம்பியும் அதோடு போகும். தேதி 2019 மாதிரி பழைய வருடத்தைக் காட்டினால் அதுதான் அறிகுறி. வாட்ச் கடையில் கிடைக்கிற செல் இது. அதற்கு ரேம் மாற்றச் சொல்கிறவரை என்ன சொல்வது!

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் உண்டு. ரேமின் தங்க நிறக் கால்கள் மங்கி, ஸ்லாட் ஒன்று சத்தமில்லாமல் வேலை செய்யாமல் போகும். 16 இருந்த இடத்தில் 8 காட்டும், சேனலும் போச்சு. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, ஸ்டிக்கைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் கால்களை மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்கப்பூச்சு உரிந்துவிடும்.

பழைய ரேம் உண்மையாகவே கழுத்தைப் பிடிக்கிற இடமும் உண்டு, மறுக்கவில்லை. தனி கார்டு இல்லாமல் ரைசன் 5600ஜி-யில் விளையாடுகிறவர்களுக்கு ரேம்தான் கிராபிக்ஸ் மெமரி. அங்கே ஒற்றை 2400-இலிருந்து ஜோடி 3200-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஃப்பிஎஸ் ஏறுவது சாதாரணம். ரைசன் 3600, 5600-இல் உள்ளே பாகங்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவதால் 2400-இல் விட்டால் பிராசஸரே மந்தமாகும். வேலொரன்ட், சிஎஸ்2-வை 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுகிறவர்களுக்கும் ரேம் கணக்கில் வரும். 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) உள்ள 5800எக்ஸ்3டி-க்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

இன்னொரு மெமரியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், கார்டில் இருப்பதை. ஜிடி 1030 இரண்டு வகையில் வந்தது. ஜிடிடிஆர்5 வகைக்கு நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகைக்கு 16.8. பெயர் ஒன்றே. மெதுவான மெமரி கேமைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம், வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

ஆபீஸிலிருந்து கழித்துவிட்ட ஐ5-4570, டிடிஆர்3 1600 பெட்டிகளை வாங்கியவர்கள் ரேமில் ஒரு ரூபாயும் போடாதீர்கள், ஜோடியாக 16 ஜிபி இல்லையென்றால் தவிர. அங்கே நாலு கோர், நாலு த்ரெட்தான் முதலில் மூச்சு வாங்கும். பி450 போர்டும் முதல் தலைமுறை ரைசனும் வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுப்பினை: பயாஸை அப்டேட் செய்து 5600 போட்டு, அதே டிடிஆர்4-ஐ இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

இரண்டாவது ஸ்டிக்கைப் பழசாக வாங்கினால் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண், வேகம், சிஎல் மூன்றும் முதலாவதோடு ஒத்துப் போகிறதா பாருங்கள். திருப்பிக் கொடுக்க நாள் கேட்டு வாங்கி, பென்டிரைவில் ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.