தராசைத் திருத்தாமல் தேசத்துக்கு எழுப்புதல் கேட்கிறோம்

ஞாயிற்றுக்கிழமை இரவு டவுன் கிரவுண்டில், ஜனங்கள் மனந்திரும்பி ஆவியில் விழிக்க வேண்டும் என்று நடந்த எழுப்புதல் கூட்டத்தில் அழுது ஜெபித்த நம் ஆள் ஒருவர், செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், எடையை ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்ட ஒரு பெண்ணுக்குக் கேட்கக்கூடாத பதில் சொன்னார். அதற்கு மேல் நான் மறுபடி எழுதப்போவதில்லை. அந்த வீடியோ எல்லோருடைய போனிலும் இருக்கிறது. தோட்டத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் இங்கே போட மாட்டேன், நீங்களும் போடாதீர்கள். வீடியோவை விட என் நெஞ்சில் முள்ளாக நிற்பது, அதற்குப் பிறகு நம் சபைக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிகிற சமாதானம். "எழுப்புதல் வருகிற நேரத்தில் சாத்தான் ஊழியத்தைத் தாக்குகிறான்" என்கிறார்கள். தாக்கப்பட்டது ஊழியமா? காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து பறித்த ஒரு அக்கா, "ஏன் அண்ணே 3 கிலோ வெட்டுறீங்க, இன்னைக்கு வெயில்தானே" என்று கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலை நீங்களும் கேட்டீர்கள். அதே வாய்தான் ஞாயிறு இரவு மேடையில் நின்று "தேசமே எழும்பு" என்று அழுதது.

தேசத்துக்கு எழுப்புதல் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதற்காக முழங்காலில் நிற்கிற தாய்மாரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் எழுப்புதல் இருதயத்தில்தான் தொடங்கும். கிரவுண்டிலோ சவுண்ட் பொக்ஸிலோ தொடங்காது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

கூட்டத்து பேனரில் 2 நாளாகமம் 7:14 இருந்தது. "என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி" என்பதோடு நிறுத்திவிட்டு, நேராக "தேசத்துக்கு க்ஷேமத்தைக் கொடுப்பேன்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நடுவில் விட்டுப்போனதை வேதத்தைத் திறந்து பாருங்கள். "தங்கள் பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால்" என்று இருக்கிறது. தாழ்த்துவது, ஜெபிப்பது, முகத்தைத் தேடுவது, திரும்புவது என்று நாலு காரியம். நாலாவது இல்லாமல் அந்த வாக்குத்தத்தம் நிற்காது. அதோடு அது பாராளுமன்றத்தைப் பார்த்தோ, பௌத்தர்களின் பன்சலையையும் இந்துக்களின் கோவிலையும் பார்த்தோ சொல்லப்படவில்லை. "என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள்" என்று சொல்லியிருக்கிறது. அது நாம்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகத் தராசு விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் கழிப்பார்கள். சாக்குக்கு எடை உண்டு, மழைக் கொழுந்தில் தண்ணீரும் உண்டு. கழிவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. வெறும் சாக்கை ஒருதடவை தராசில் போட்டால் அதன் எடை தெரிந்துவிடும். வெயில் நாளில் ஈரத்துக்கு வெட்ட ஒன்றுமே இல்லை. ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே வெட்டு விழுந்தால் அதற்குப் பெயர் திருட்டு. நிறுவைக்கு 2 கிலோ அநியாயமாகப் போனாலே 3 நிறுவைக்கு 6 கிலோ. 20 நாள் வேலைக்கு 120 கிலோ. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கேட்கிற மலையில் அது 6 நாள் கொழுந்துக்கும் மேலே. அந்தக் கிலோ குறைவதால்தான் முழுப்பேர் அரைப்பேராகிறது. அரைப்பேர் விழுந்த வீட்டில் அந்த மாதம் பிள்ளையின் சப்பாத்து தள்ளிப்போகிறது, கடைக் கொப்பியில் கடன் ஏறுகிறது.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." நீதிமொழிகள் 11:1. அருவருப்பு என்பது சின்னச் சொல் இல்லை. விக்கிரகத்தைப் பற்றிச் சொல்லும்போது வருகிற அதே சொல். நாம் மற்றவர்களின் சிலைகளைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கிக்கிறோம். மடுவத்தில் தொங்குகிற தராசைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தால் முன்வரிசை காலியாகிவிடும் என்று பயப்படுகிறோம்.

இருதயத்தைப் பற்றி நம் ஜனங்களுக்குச் சொல்ல, தேயிலைச் செடியை வெட்டிப் புதிதாகத் துளிர்க்க வைக்கிற கவ்வாத்தை விட நல்ல பாடம் இல்லை. உயர்மலையில் நாலைந்து வருடத்துக்கு ஒருதடவை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறோம். மேலே பச்சையாக இருக்கும்போதே வெட்டுகிறோம். பச்சை இருந்தாலும் உள்ளே குச்சி முற்றி, கொழுந்து சிறுத்து, செடி கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். வெட்டுவதற்கு முன்னால் சில வாரம் கொழுந்து பறிக்காமல் செடியை ஆறவிடுவார்கள், வேரில் மாச்சத்து சேரட்டும் என்று. வேர்த் துண்டில் அயடீன் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வெட்டலாம். நிறம் ஏறாத செடியை வெட்டினால் அது மறுபடி துளிர்க்காமல் செத்துப்போகும். வேதவாசிப்பும் தனிஜெபமும் இல்லாமல் ஒரே இரவில் எல்லாவற்றையும் அறுத்தெறியச் சொல்லி மேடையிலிருந்து கத்துவதால் எத்தனை வாலிபர்கள் அப்படி உள்ளுக்குள் காய்ந்துபோனார்கள்.

கத்தி மழுங்கியிருந்தால் குச்சி பிளக்கும். பிளந்த இடத்தில் மழைத்தண்ணீர் தங்கும். அங்கிருந்துதான் உளுப்பு இறங்குகிறது. "ஆண்டவரே, நாங்கள் எல்லோரும் பாவிகள்" என்று மைக்கில் சொல்கிற ஜெபம் மழுங்கிய கத்தி. அது எந்தக் குச்சியையும் சுத்தமாக வெட்டுவதில்லை. "நான் இன்னாருடைய 3 கிலோவை வெட்டினேன்" என்பது தீட்டிய கத்தி. வெட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. பாசியைச் சுரண்ட வேண்டும், செத்த கட்டையை எடுக்க வேண்டும், வெயிலில் பட்டை வெடிக்காமல் வெட்டிய கிளைகளையே செடிமேல் போட்டு மூட வேண்டும். பாவத்தை அறிக்கை செய்தவனைச் சபை மூடிக் காக்காவிட்டால், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாய்களின் வெயிலே அவனைக் கொன்றுவிடும்.

"சரி, என்ன செய்யச் சொல்கிறாய்?" என்று கேட்கிறவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். ஒரு கொப்பி எடுங்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் செய்யாதீர்கள், வேலை இல்லாத நாளில் ஒரு மணித்தியாலம் தனியாக உட்காருங்கள். சங்கீதம் 139இன் கடைசி இரண்டு வசனத்தை மெதுவாக வாசியுங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." பிறகு எழுதுங்கள். யாருடைய காசு, பொருள், உழைப்பு என்னிடம் இருக்கிறது? யாரோடு பேச்சுவார்த்தை இல்லை? யாரைப் பற்றி நான் சொன்ன பொய் இன்னும் ஊரில் உலாவுகிறது? பெயரும் தொகையும் எழுத வேண்டும், காரணம் எழுதக் கூடாது. "அவன்தான் முதலில்" என்று ஒரு வரி வந்தால் அதை அடித்துவிடுங்கள். அந்த வரி இருக்கிற வரைக்கும் மனந்திரும்புதல் வராது.

தேவனுக்கு மட்டும் தெரிந்த பாவத்தைத் தேவனிடம் சொன்னால் போதும். ஒருவருக்குச் செய்ததை அந்த ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஊர் முன்னால் செய்ததை ஊர் முன்னால் சொல்ல வேண்டும். இந்த அளவு தப்பினால் பெரிய சேதம். மனதில் நினைத்ததை எல்லாம் சாட்சி என்று மேடையில் கொட்டி, சம்பந்தமில்லாத பெண்களின் பெயரைக் கெடுத்த கூட்டங்களும் உண்டு. மன்னிப்புக் கேட்கும்போது "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த "இருந்தால்" எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கூட்டத்தோடு போகாதீர்கள், போனைத் தூக்கி வீடியோ எடுக்காதீர்கள். காசு என்றால் கையில் காசோடு போங்கள். லேவியராகமம் 6ஆம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அநியாயமாக வரி வாங்கிய சகேயு நாலத்தனையாகக் கொடுப்பேன் என்றான். முழுவதும் இல்லையென்றால் சம்பள நாளுக்குச் சம்பள நாள் கொடுங்கள், ஆனால் முதல் தவணையை இந்த மாதமே கொடுங்கள்.

இன்னும் ஒன்று. உபவாசம், உபவாசம் என்று அறிவிக்கிற போதகர்கள் கவனியுங்கள். சீனிக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றோடு மலை ஏறினால் மயங்கி விழுவார்கள். அவர்களுக்கு வேறு வழி சொல்லுங்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடம் "மன்னித்துத் திரும்பிப் போ" என்று ஒரு பெண்ணை அனுப்புவதை எழுப்புதல் என்று சொல்லாதீர்கள். முதலில் அவன் திரும்பட்டும்.

இது புதுப் போதனை இல்லை. நம் மலையகச் சபைகளின் வேர் 1854இல் தோட்டத் தமிழருக்காகத் தொடங்கிய மிஷன் ஊழியத்திலும், திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களிடத்திலும் இருக்கிறது. அந்தத் தமிழ்ச் சீமையில்தான் 1860இல் சுவிசேஷகர் அருளப்பன் ஐயாவின் கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் வெடித்தது. பிறகு 1904 அக்டோபர் 31ஆம் திகதி வேல்ஸ் நாட்டு லாகர் ஊரில், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து வளர்ந்த 26 வயது எவன் ராபர்ட்ஸ் 17 பேரை வைத்துக் கூட்டம் நடத்தினார். அவர் கேட்டது நாலே காரியம்: தெரிந்த பாவத்தை எல்லாம் அறிக்கை செய், சந்தேகமானதை வாழ்க்கையிலிருந்து அகற்று, ஆவியானவருக்கு உடனே கீழ்ப்படி, கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடு. பழைய கடன்களை அடைத்தார்கள், மதுக்கடைகளில் ஆள் குறைந்தது. அவர்களும் நம்மைப் போலக் கூலி வேலை செய்தவர்கள்தான்.

"நியாயந்தீர்க்காதே" என்று வசனம் அனுப்பியவர்களே, அதே அதிகாரத்தில் முதலில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன். இதற்கு மேல் உங்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு தம்பி கேட்டதை என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. "1948இல் நம் குடியுரிமையைப் பறித்தான், 1964இல் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தான், 2014இல் மீரியபெத்தை மண்சரிவில் மண்ணோடு மண்ணாகப் போனோம். இதற்கெல்லாம் நாமா மனந்திரும்ப வேண்டும்?" என்று கேட்டார். இல்லை தம்பி. நமக்குச் செய்யப்பட்ட அநியாயத்துக்கு நாம் மனந்திரும்பத் தேவையில்லை. சம்பளத்துக்கும் காணிக்கும் கேளுங்கள், சத்தமாகக் கேளுங்கள். ஆனால் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது வெளியே எதிரிகள் நின்ற நேரத்தில்தான், நெகேமியா 5ஆம் அதிகாரத்தில், உள்ளே ஏழைகளின் கூக்குரல் கேட்கிறது. சொந்த யூதர்களே வட்டிக்குக் கொடுத்து அவர்களுடைய நிலத்தைப் பிடித்திருந்தார்கள். நெகேமியா எதிரியைக் காட்டி அதை மூடி மறைக்கவில்லை. இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றான். நம் லயத்தில் மளமளவென்று ஏறுகிற மீட்டர் வட்டிக்குக் கொடுக்கிறவன் யார், எந்தச் சபையில் உட்காருகிறான் என்று உங்களுக்கே தெரியும்.

இருதயம், இருதயம் என்று சொல்கிற நானும் பயப்படுகிற ஒரு இடம் உண்டு. ருவாண்டாவில் 1930களில் காகினி என்ற ஊரிலிருந்து பெரிய எழுப்புதல் பரவியது. பாவ அறிக்கை, கண்ணீர், திருப்பிக் கொடுத்தல் எல்லாம் இருந்தது. 1994இல் அதே நாட்டில் ஆலயங்களுக்குள்ளேயே ஜனங்களை வெட்டினார்கள். குடியையும் களவையும் தொட்ட மனந்திரும்புதல், பக்கத்து இனத்தான் மேலிருந்த வெறுப்பை வேரோடு தொடவில்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். 1983 இனக்கலவரத்தைக் கண்ட நாட்டில் இருக்கிற நமக்கு அது தூரத்துக் கதையா? கொப்பியில் தமிழ்ப் பெயர்கள் மட்டும் இருந்தால் அந்தக் கொப்பி பாதிக் கொப்பி.

இந்த நாட்டில் கிறிஸ்தவர்களான நாம் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. மற்றத் தொண்ணூற்றிரண்டு பேர் நம் மேடையைக் கேட்பதில்லை, நம் தராசைப் பார்க்கிறார்கள். அந்த மடுவத்தில் வரிசையில் நின்ற மாரியம்மன் கோவில் தாய்மாரும் பார்த்தார்கள். "மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன், ஆகுல நீர பிற" என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளும் அங்கே நின்றார்கள். ஆகுலம் என்றால் வெறும் ஆரவாரம். ஆமோஸ் தீர்க்கதரிசியும் அதைத்தான் சொல்கிறான்: "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று." ஆண்டவர் இரைச்சல் என்று சொன்னதை நாம் காசு சேர்த்து வாடகைக்கு எடுக்கிறோம்.

கீழ் டிவிஷனில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். பென்ஷன் எடுத்த பிறகு பழைய கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு லயமாக ஏறினார். தான் வெட்டிய பேருக்கெல்லாம், ஞாபகம் இருந்த மட்டும், காசு கொடுத்தார். செத்துப்போனவர்களின் பிள்ளைகளைத் தேடிக் கொடுத்தார். சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். மறுபடி போனார். அவருக்கு யாரும் பேனர் அடிக்கவில்லை. அந்த லயங்களில் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் இந்துக்களும் எழுந்து நிற்கிறார்கள். எனக்குத் தெரிந்த எழுப்புதல் அதுதான்.

வருகிற ஞாயிறு இரண்டாம் கூட்டத்துக்குக் காணிக்கைக் கவர் வீடு வீடாக வந்துவிட்டது. அந்த அக்காவின் வீட்டுக்கும் ஒன்று வந்திருக்கிறது. 3 கிலோவுக்கான காசு இன்னும் வரவில்லை.