பதினெட்டாவது ஆட்டம் வேண்டாம்

போன வியாழக்கிழமை என் மகன் பள்ளியிலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறான். அங்கே கால்பந்து அணியில் சேரப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். நம் ஊர்க் கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூரான பந்தைக் கையில் அணைத்தபடி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் மூளை அதிர்வின் அறிகுறிகள் வரிசையாக இருந்தன. தலைசுற்றல், வாந்தி, கண் கூசுதல், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது. கீழே, 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று கையெழுத்திட ஓர் இடம்.

படித்தேன். புரிந்துகொண்டேன். அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை.

"அம்மா, எல்லார் வீட்டிலும் போட்டுவிட்டார்கள்" என்றான். பிறகு அறைக்குள் போய்விட்டான். ஐந்து நாட்களாக என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறான்.

இந்த ஆட்டத்தை வெறுக்கிறவள் எழுதும் பதிவாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பருவத்துக்கு 17 ஆட்டங்கள் போதாமல் பதினெட்டாவதையும் சேர்க்கப் பேசும் தொழில்முறை லீக்கிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பிட்ஸ்பர்க்குக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஊரில் ஸ்டீலர்ஸ் அணியைப் பிடிக்காமல் இருப்பது ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு ரங்கநாதரைத் தெரியாது என்பதைப் போன்றது. 1975-இல் மைரன் கோப் என்ற வானொலி வர்ணனையாளர் தொடங்கிவைத்த, ரசிகர்கள் ஆட்டத்தின்போது சுழற்றும் மஞ்சள் துண்டு எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆட்டம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு மணிக்கே சமையலை முடித்துவிடுகிறவள் நான்.

எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கல்லூரி அணியில் சென்டராக ஆடியவர். முதல் குளிர்காலத்தில் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உப்பு டப்பா, மிளகுத்தூள் டப்பா, கடுகுச் சாந்துப் புட்டி எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி விளக்கினார். நடுவில் இருந்த உப்பு டப்பாதான் அவர். சென்டர் குனிந்து, இரு கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்பேக்கிடம், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரிடம், கொடுக்க வேண்டும். கை முன்னால் திரும்புவதற்குள் எதிரே நூற்று முப்பது கிலோ எடையுள்ள ஓர் ஆள் வந்து மோதுவான். தலையோடு தலை. ஓர் ஆட்டத்தில் இது அறுபது, எழுபது முறை நடக்கும். வாரம் முழுக்கப் பயிற்சியில் வாங்கும் இடிகள் தனி.

சென்ற இலையுதிர் காலத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரே ஆட்டத்தின் கதையை மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் உப்பு டப்பாவை எடுத்து நடுவில் வைத்தார். கதை முடிந்ததும் அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் டப்பாவை எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தார். சிறிது நேரத்தில் பெரியவர் எழுந்து போய் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அவருக்கு என்ன நோய் என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. வெறும் முதுமையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

இந்த ஊருக்கும் இந்தக் கேள்விக்கும் பழைய உறவு உண்டு. மைக் வெப்ஸ்டர் 1974 முதல் 1988 வரை ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர். சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியை நான்கு முறை வென்றவர். 'இரும்பு மைக்' என்பது அவருடைய பட்டப்பெயர். ஓய்வுக்குப் பிறகு நினைவு தப்பி, குடும்பம் கலைந்து, தன் பிக்கப் வண்டியிலேயே படுத்துறங்கி வாழ்ந்தார். 2002-இல் இறந்தபோது அவருக்கு வயது 50. அந்த உடலைப் பரிசோதித்தவர் இங்கே அலெகெனி கவுண்ட்டியில் பணியாற்றிய பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய மருத்துவர். வெளியே பார்த்தால் மூளையில் குறை எதுவும் தெரியவில்லை. அதோடு விட்டுவிடாமல் மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். டாவ் என்ற புரதம் முடிச்சு முடிச்சாகப் படிந்திருந்தது. ஓயாமல் அடி வாங்கிய குத்துச்சண்டை வீரர்களின் மூளையில் மருத்துவர்கள் முன்பு பார்த்த சிதைவு அது. இன்று சி.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

2005-இல் ஒமாலு இதைக் கட்டுரையாக வெளியிட்டார். தேசியக் கால்பந்து லீக், அதாவது என்.எஃப்.எல்., என்ன செய்தது தெரியுமா? லீக்கின் மூளைக்காயக் குழுவைச் சேர்ந்தவர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் குழு 1994-இல் அமைக்கப்பட்டபோது அதற்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் மூட்டுவாத மருத்துவர். மூளைக்கு மூட்டு மருத்துவர்! ஆட்டத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் ஒப்புக்கொண்டது 2016-இல். வெப்ஸ்டர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து.

இதற்கிடையே 2011-இல் டேவ் டூயர்சன் என்ற முன்னாள் வீரர் தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி எழுதிவைத்துவிட்டு, தலையில் சுடாமல் மார்பில் சுட்டுக்கொண்டு இறந்தார். அடுத்த ஆண்டே ஜூனியர் சேயா என்ற இன்னொரு முன்னாள் வீரரும் மார்பில் சுட்டுக்கொண்டு இறந்தார். 43 வயது. இருவருக்கும் சி.டி.இ. இருந்தது பிறகு உறுதியானது.

பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆராயப்பட்ட 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல் இந்த நோய் இருந்தது. குடும்பத்தார் சந்தேகப்பட்டுத் தானமாகக் கொடுத்த மூளைகள் அவை. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆய்வாளர்களே அதைத் தெளிவாகச் சொன்னார்கள். இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தால்தான் நோய் உறுதியாகும் என்பதுதான் இதில் கொடுமை. களத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அது தொடங்கிவிட்டதா இல்லையா என்று அவனுக்கும் தெரியாது, அவனைப் பெற்றவளுக்கும் தெரியாது.

வழக்குத் தொடுத்த முன்னாள் வீரர்களுக்கு 2013-இல் 76.5 கோடி டாலர் இழப்பீடு என்று பேசி முடித்தார்கள். பிறகு அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. ஆனால் அந்த இழப்பீட்டைக் கணக்கிட்ட முறை தெரியவந்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கறுப்பின வீரர்களின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே சற்றுக் குறைவு என்ற அனுமானத்தில் அவர்களுக்குத் தனி அளவுகோல் வைத்திருந்தார்கள். ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் வெள்ளையருக்கு மூளை பாதிப்பு, கறுப்பருக்கு அது இயல்பு! வீரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். அவர்களுடைய உடலை வைத்துத்தான் இந்த லீக் வாழ்கிறது. நஜே டாவன்போர்ட், கெவின் ஹென்றி என்ற இரு முன்னாள் வீரர்கள் 2020-இல் நீதிமன்றம் போன பிறகுதான் இது ஊருக்குத் தெரிந்தது. இருவருமே ஸ்டீலர்ஸ் அணிக்கு ஆடியவர்கள். 2021-இல் லீக் அந்த முறையைக் கைவிடுவதாகச் சொன்னது.

லீக் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். பயிற்சியில் ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை உறை வந்திருக்கிறது. 2024-இல் தொடக்க உதையின் விதியை மாற்றி, இரு பக்கமும் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவதைக் குறைத்தார்கள். பின்னாலிருந்து பிடித்து இடுப்பின் எடையால் காலை மடக்கி வீழ்த்தும் முறையைத் தடை செய்தார்கள். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ அணி வீரர் டமார் ஹாம்லின் நெஞ்சில் அடிபட்டு இதயம் நின்று விழுந்தபோது, அவருடைய அணியின் காயச் சிகிச்சை உதவியாளர் டென்னி கெல்லிங்டன் களத்திலேயே நெஞ்சை அழுத்தி அவரைக் காப்பாற்றினார். அந்த இரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தினார்கள், ஹாம்லின் பிழைத்தார், திரும்ப வந்து ஆடவும் செய்தார். அந்த மருத்துவ ஆயத்தத்தைக் கைகூப்பிப் பாராட்டுகிறேன்.

என் கோபம் நாட்காட்டியின் மேல். 1978 முதல் ஒரு பருவத்துக்கு 16 ஆட்டங்கள் இருந்தன. 2021-இல் அது 17 ஆனது. அதற்கு வழிவிட்ட தொழிலாளர் ஒப்பந்தத்தை 2020-இல் வீரர்கள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள்: ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. அறுபது வாக்கு வித்தியாசத்தில் ஒவ்வொருவர் உடம்பிலும் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறியது. இப்போது 18 என்று பேசுகிறார்கள். லீக்கின் ஆணையர் ராஜர் குடெல் இந்த எண்ணத்தை ஒளித்துவைக்கவே இல்லை. ஒளிபரப்பு உரிமைகளுக்கு 11 ஆண்டுகளுக்குச் சுமார் 11,000 கோடி டாலர் என்று 2021-இல் ஒப்பந்தம் போட்ட லீக் இது. அதிலும் போதவில்லையா?

ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை, இடைவெளியும் சுருங்குகிறது. 2024 டிசம்பரில் எங்கள் அணி 15-ஆம் தேதி பிலடெல்பியாவில், 21-ஆம் தேதி பால்டிமோரில், 25-ஆம் தேதி இங்கே கேன்சஸ் சிட்டியோடு என்று 11 நாட்களில் மூன்று ஆட்டங்கள் ஆடியது. கிறிஸ்துமஸ் புதன்கிழமையில் வந்தது, நெட்ஃப்ளிக்ஸுக்கு ஆட்டம் வேண்டியிருந்தது. காரணம் அவ்வளவுதான். 29-10 என்று தோற்றோம். தோல்வியை விடுங்கள். அன்று இரண்டாம் பாதியில் வீரர்கள் விழுந்த இடத்திலிருந்து எழுந்துவர எடுத்துக்கொண்ட நேரத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

2022 செப்டம்பரில் மயாமியின் குவார்ட்டர்பேக் டூவா டகோவைலோவா ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை மோதி எழுந்து தள்ளாடினார். அதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. முதுகுவலி என்று சொன்னார்கள். நான்கே நாட்களில், வியாழக்கிழமை இரவு ஆட்டத்தில் இறக்கினார்கள். அன்று மீண்டும் தலை தரையில் மோதி, முகத்துக்கு முன்னால் விரல்கள் விறைத்துப் பிரிந்து நின்றன. அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது என் மகன் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான்.

புல்தரையும் இதே கதைதான். செயற்கைத் தரை வேண்டாம், இயற்கைப் புல் வேண்டும் என்று வீரர்கள் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்கிறது. குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் 2023 செப்டம்பர் 11 அன்று நியூ ஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்தில், செயற்கைத் தரையில், களமிறங்கிய நான்காவது ஆட்ட நகர்விலேயே குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். தரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு இயற்கைப் புல்தான் வேண்டும் என்று ஃபிஃபா நிபந்தனை விதித்தபோது, அதே மெட்லைஃப் உட்பட எல்லா மைதானங்களும் சரி என்று தலையாட்டின. விருந்தாளிகள் கேட்டால் புல் முளைக்கிறது. சொந்த வீரர்கள் கேட்டால் முளைக்காது.

சூதாட்ட விளம்பரங்களைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது. 1,500 டாலர் பந்தயம் கட்டியதாக ஒப்புக்கொண்ட கால்வின் ரிட்லி என்ற வீரரை 2022-இல் ஒரு பருவம் முழுக்க ஒதுக்கிவைத்த லீக், அதே பந்தய நிறுவனங்களைக் கூட்டாளிகளாக்கிக்கொண்டது. அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்துக்கு ஆபத்து பார்வையாளர் குறைவதால் வரப்போவதில்லை. 2025 சூப்பர் பவுலைப் பார்த்தவர்கள் 12 கோடிக்கும் மேல். ஆபத்து என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. நாடு முழுதும் உயர்நிலைப் பள்ளிகளில் இதை ஆடும் பிள்ளைகள் 2008-09 பருவத்தில் 11 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இப்போது 10 லட்சத்தைச் சற்றுத் தாண்டி நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கு இருக்கிறது. என் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட நாங்கள் சேமித்து வைத்திருக்கிறோம். கால்பந்து உதவித்தொகை ஒன்றுதான் கல்லூரிக்கு வழி என்று இருக்கும் வீட்டில் அந்தப் படிவத்தில் கையெழுத்து விழுந்துதான் தீரும். வசதி உள்ளவர்களின் பிள்ளைகள் தொலைக்காட்சி முன்னாலும், இல்லாதவர்களின் பிள்ளைகள் களத்திலும் இருக்கும் ஓர் ஆட்டமாக இது மாறுமானால், மஞ்சள் துண்டைச் சுழற்ற என் கை எழாது.

ஆகவே பதினெட்டாவது ஆட்டம் வேண்டாம். வீரர்களின் சம்மதம் இல்லாமல் அதைக் கொண்டுவர முடியாது. இப்போதைய ஒப்பந்தம் 2030 பருவம் வரை நிற்கிறது. 2025 ஜூலையில் தலைமை நிர்வாகி லாயிட் ஹவல் பதவி விலகியதிலிருந்து தடுமாறியிருக்கும் சங்கம் இந்த ஒன்றிலாவது உறுதியாக நிற்க வேண்டும். ஓய்வுபெற்ற வீரர்களுக்கு ஐந்து ஆண்டுகளோடு முடிந்துபோகும் மருத்துவக் காப்பீட்டை ஆயுள் முழுவதற்கும் ஆக்க வேண்டும். இந்த நோய் ஐந்து ஆண்டுகளில் வந்து கதவைத் தட்டுவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வருகிறது. வியாழக்கிழமை ஆட்டமென்றால் முந்தைய ஞாயிறு அந்த அணிக்கு ஓய்வு தர வேண்டும். வருமானம் குறையும் என்பார்கள். குறையட்டும்.

மகனிடம் கொடிக் கால்பந்து அணியில் சேரச் சொல்லியிருக்கிறேன். இடுப்பில் கட்டிய கொடியைப் பறித்தால் போதும், மோதி வீழ்த்த வேண்டியதில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதுவும் ஒரு போட்டி என்று சொன்னேன். "அது வேறு ஆட்டம், அம்மா" என்றான். அவன் சொல்வது சரிதான், வேறு ஆட்டம்தான்.

நேற்று மாலை அவனைக் காணவில்லை என்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். சமையலறையில் பெரியவரின் எதிரே உட்கார்ந்திருந்தான். மேசையில் உப்பு டப்பா நடுவில் இருந்தது. பெரியவர் அந்த ஆட்டத்தின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையாவது முறை என்று அவர் மனைவியைப் பார்த்தேன். நான்கு விரல்களைக் காட்டினார். என் மகன் கன்னத்தில் கைவைத்து, முதல்முறை கேட்பவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.